விதிவிலக்கை யார் முன்னால் கொடுப்பது?



இன்று நான் இலக்கியம் பேச வரவில்லை. அரசியல் பேசவும் வரவில்லை. பிளான் அப்ரூவல் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் இந்த அரங்கத்தில் அந்த இரண்டு சொற்களுக்குத் தப்பியவர் யார்? வீடு கட்டியவர் தப்பவில்லை. அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் தப்பவில்லை. வாடகைக்கு இருப்பவரும் தப்பவில்லை. பக்கத்து மனையில் ஒரு கட்டடம் எழும்பி, தம் ஜன்னலுக்கு வந்த காற்றை அடைத்த நாளில் அவரும் அந்தச் சொற்களைக் கேட்டிருப்பார்.

கட்டட விதிகளைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது விதியை அல்ல, விதிவிலக்கை. ஒரு விதியிலிருந்து ஒருவருக்கு விலக்கு கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் எப்போது? யார் முன்னால்? என்ன காரணம் சொல்லி? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து கேட்கப் போகிறேன்.

முதலில் விதி எதற்கு என்று பார்த்துவிடுவோம். உங்களிடம் ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. 2,400 சதுர அடி. அதில் எவ்வளவு கட்டலாம்? எஃப்.எஸ்.ஐ. என்று பொறியாளர்கள் சொல்லும் தளப்பரப்புக் குறியீடுதான் அதற்குப் பதில். அது 1.5 என்றால் எல்லாத் தளங்களையும் கூட்டி 3,600 சதுர அடி கட்டலாம். 2019-இல் தமிழ்நாடு முழுவதுக்கும் ஒரே தொகுப்பாகக் கட்டட விதிகள் வந்தபோது பொதுவான அளவை 2 ஆக உயர்த்தினார்கள். அதே மனையில் 4,800 சதுர அடி. பேனாவால் ஒரு எண்ணை மாற்றியதில் ஒரு கிரவுண்டுக்கு 1,200 சதுர அடி முளைத்தது! தியாகராய நகரில் 1,200 சதுர அடியின் விலை என்ன என்று நான் சொல்ல வேண்டுமா? இந்த எண்ணின் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

எஃப்.எஸ்.ஐ. மட்டும் போதாது. முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, பக்கவாட்டில் இவ்வளவு என்று இடம் விட வேண்டும். செட்பேக் என்று மேஸ்திரிகூடச் சொல்வார். அந்த இடம் யாருக்கு? உங்களுக்கும்தான், உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான். வெளிச்சம் வர, காற்று வர, மழைநீர் இறங்க, தீயணைப்பு வண்டி நுழைய. 2017 மே 31 அன்று சென்னை உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் நெருங்க முடியாமல் திணறியதைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். அடக்க ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் அந்தப் பல மாடிக் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. பக்கவாட்டில் விடும் நாலடி வீணாகிப்போன நாலடி என்று நினைப்பவர்கள் அந்த இரவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, விதி வேண்டும். அப்படியானால் விதியை அப்படியே எல்லோர் தலையிலும் போட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல்.

ஒரு முதியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்து மனை. சாலையை அகலப்படுத்த அரசு முன்பக்கம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது முக்கோணமாக ஒரு மனை. விதிப்படி மூன்று பக்கமும் இடம் விட்டால் நடுவில் குளியலறை கட்டத்தான் இடம் இருக்கும். இவர் என்ன தப்பு செய்தார்? மனையை முக்கோணமாக வெட்டியது இவரா? விதியை எழுதியவர் எல்லா மனையும் சதுரமாக இருக்கும் என்று நினைத்து எழுதினார். வாழ்க்கை சதுரமாக இல்லையே! இவருக்கு ஒரு பக்கத்தில் இரண்டடி விட்டுக்கொடுப்பதுதான் நியாயம். விட்டுக்கொடுக்காத சட்டம், சட்டம் என்ற பெயரில் செய்யும் கொடுமை.

ஆகவே விதிவிலக்கு தேவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: அதே தெருவில் இன்னொருவர் வருகிறார். நல்ல சதுர மனை. குறை ஒன்றும் இல்லை. "எனக்கும் இரண்டடி வேண்டும், இன்னும் இரண்டு மாடி வேண்டும், லாபம் வரும்" என்கிறார். முன்னவரிடம் கஷ்டம் நிலத்தில் இருக்கிறது. பின்னவரிடம் ஆசை மனிதரில் இருக்கிறது. இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டுமா வேண்டாமா?

அந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்த ஒரு நகரத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். நியூயார்க்.

1915-ஆம் ஆண்டு. நகரின் மன்ஹாட்டன் தீவின் தென்பகுதியில், பிராட்வே சாலையில் ஈக்விடபிள் கட்டடம் எழுந்து நின்றது. மனை ஒரு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. கட்டியதோ ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி! மனையைப் போல் 30 மடங்கு. நம் ஊரின் பொதுவான அளவு 2 மடங்கு என்று இப்போதுதான் பார்த்தோம், அங்கே 30. எந்த விதியையும் அவர்கள் மீறவில்லை, ஏனென்றால் மீறுவதற்கு அப்படியொரு அளவு விதியே இல்லை. சுற்றியிருந்த கட்டடங்கள் அதன் நிழலில் மூழ்கின. நிழல் விழுந்த அறைக்கு யார் வாடகை தருவார்? அக்கம்பக்கத்துச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டு, 1916 ஜூலை 25 அன்று, நகரத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் விதி நிறைவேறியது. உயரே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்றார்கள். நியூயார்க்கின் பழைய வானளாவிகள் படிப்படியாகச் சுருங்கி மேலே போகின்றனவே, அவற்றின் அழகு கட்டடக் கலைஞரின் கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. சட்டத்திலும் பிறந்தது.

அந்த விதியை உருவாக்குவதில் முன்னின்றவர் எட்வர்ட் பாசெட் என்ற வழக்கறிஞர். விதியோடு சேர்த்தே விலக்கு கொடுக்க ஒரு மேல்முறையீட்டு வாரியமும் அங்கே பிறந்தது. 1920-களில் அமெரிக்க வணிகத் துறை, அப்போது ஹெர்பர்ட் ஹூவர் அதன் அமைச்சர், மாநிலங்கள் எடுத்துக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது. 1926-இல் ஓஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மண்டலப் பிரிவினை செல்லும் என்று சொல்லிவிட்டது. பிறகு ஊருக்கு ஊர் வாரியங்கள்.

அந்த மாதிரிச் சட்டம் சொன்ன வாரியம் எப்படிப்பட்டது? ஐந்து உறுப்பினர்கள். விலக்கு கொடுக்க வேண்டுமானால் மூன்று பேர் கை தூக்கினால் போதாது. நான்கு பேர் வேண்டும்! கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மனைக்காரர் எழுந்து நிற்கிறார். "என் மனை சரிவில் இருக்கிறது, பின்னால் பாறை, அதனால் முன்பக்கம் மூன்றடி தள்ளிக் கட்ட அனுமதி வேண்டும்." பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து நிற்கிறார். "மூன்றடி தள்ளினால் என் சமையலறைக்கு வெயில் வராது." எதிர்வீட்டுக்காரர் எழுந்து, "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்கிறார். ஐந்து பேரும் கேட்கிறார்கள். பிறகு எல்லோர் கண் முன்னாலும் வாக்களிக்கிறார்கள். கட்டடம் எங்கே இருக்கிறது? காகிதத்தில். இன்னும் ஒரு செங்கல் வைக்கப்படவில்லை!

எதை வைத்து முடிவெடுப்பது? 1939-இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு வழக்கில் அளவுகோல் போட்டுக் கொடுத்தது. ஒருவர் தம் நிலத்தில் ஸ்கேட்டிங் அரங்கம் கட்ட நினைத்தார். நிலத்தின் ஒரு பகுதி வணிக மண்டலத்திலும் ஒரு பகுதி குடியிருப்பு மண்டலத்திலும் இருந்தது. நீதிமன்றம் கேட்டது மூன்று: விதிப்படி பயன்படுத்தினால் இந்த நிலத்திலிருந்து நியாயமான வருவாயே கிடைக்காதா? இந்தக் கஷ்டம் இந்த நிலத்துக்கு மட்டும் உரியதா, அல்லது தெருவில் எல்லோருக்கும் உள்ளதா? விலக்கு கொடுத்தால் அந்தப் பகுதியின் தன்மை கெடுமா? எல்லோருக்கும் உள்ள கஷ்டம் என்றால் விதியைத் திருத்துங்கள். ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுக்காதீர்கள். எவ்வளவு தெளிவு பாருங்கள்!

அமெரிக்காவைத் தூக்கி வைத்துப் பாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இதே மண்டல விதிகளை வைத்துக் கறுப்பின மக்களை ஒதுக்கப் பார்த்த நகரங்கள் உண்டு. லூயிவில் நகரின் அப்படியொரு சட்டத்தை 1917-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனை இத்தனை பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று விதித்து ஏழைகளை ஊருக்குள் விடாத புறநகர்கள் உண்டு. வாரியங்களும் ஒழுங்கானவை என்று சொல்ல முடியாது. கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகர வாரியத்தின் முடிவுகளைப் புரட்டிப் பார்த்த இரண்டு சட்ட ஆய்வாளர்கள், அங்கே நடப்பது முறைகேடான ஆட்சி என்று 1962-இல் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் நண்பர்களே, அவர்களால் எப்படிப் புரட்ட முடிந்தது? குறிப்பேடு இருந்தது! தவறு நடந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு குறிப்பேடு வேண்டும்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1920-லேயே சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. பிறகு வந்தது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வந்தது. முழுமைத் திட்டம் வந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில் என்று மண்டலம் பிரித்து வண்ணம் தீட்டிய வரைபடங்கள் வந்தன. விலக்கு கொடுக்கவும் வழி செய்தார்கள். 113-ஆம் பிரிவு. எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் விலக்கு தர அரசுக்கு அதிகாரம்.

எப்போது? சட்டம் சொல்லவில்லை. யார் முன்னால்? சொல்லவில்லை. என்ன காரணத்துக்கு? சொல்லவில்லை.

விளைவு என்ன? 1987 ஜூலை முதல் 1988 ஜனவரி வரை, ஏழே மாதத்தில், 62 அரசாணைகள். அறுபத்திரண்டு விலக்குகள்! நுகர்வோர் நலன் பேணும் அமைப்பு ஒன்று நீதிமன்றப் படி ஏறியது. 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. விலக்கு தரும் அதிகாரம் செல்லும் என்றது நீதிமன்றம். ஆனால் கொடுத்த விதம் செல்லாது என்றது. காரணம் சொல்லாமல் கொடுத்த அந்த 62 ஆணைகளும் அடிபட்டன. அதிகாரம் இருக்கலாம், காரணம் சொல்லாத அதிகாரம் நிற்காது. இந்த ஒரு பாடத்தைப் படிக்க நமக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

படித்தோமா? அதற்குள் இன்னொரு பிரிவு வந்துவிட்டது. 113-ஏ. இது இன்னும் வசதி. மனு போட்டு, காரணம் சொல்லி, காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு கட்டணம் கட்டுங்கள். வரன்முறை செய்துவிடுவோம். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவர்களுக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும் என்றார்கள். ஒரே தடவைக்கான ஏற்பாடு என்ற அளவில் உச்ச நீதிமன்றமும் அதை விட்டுவைத்தது.

ஒரே தடவையா? 2000-இல் ஒரு திருத்தம், கெடு தள்ளிப் போயிற்று. 2001-இல் ஒரு திருத்தம், மறுபடி தள்ளிப் போயிற்று. 2002-இல் இன்னொரு திருத்தம், இன்னும் தள்ளிப் போயிற்று. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2007-இல் அவசரச் சட்டம் வந்து விதிமீறிய கட்டடங்களின் இடிப்பை நிறுத்தியது. 2012-இல் 113-சி வந்தது. இந்த முறை கெடு 2007 ஜூலை 1. அதற்கான விதிகள் 2017-இல்தான் வந்தன. விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகு வினாத்தாளை மாற்றிக்கொண்டே போனால் எந்த மாணவன் படிப்பான்?

இதில் பெரிய நஷ்டம் எது? அரசுக்கு வந்த கட்டணமா, வராத கட்டணமா? இரண்டும் இல்லை. விதிப்படி கட்டியவன் ஏமாளியானான் பாருங்கள், அதுதான் நஷ்டம். பக்கவாட்டில் இடம் விட்டவன், இரண்டு மாடியோடு நிறுத்தியவன், அனுமதிக்காக மாதக் கணக்கில் நடந்தவன், அவன் வாசலில் நின்று எதிர் மனையின் ஐந்தாவது மாடியைப் பார்க்கிறான். அடுத்த முறை அவன் என்ன செய்வான்?

"ஐயா, கட்டிய பிறகு இடிக்கச் சொல்கிறீர்களா? எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் சுற்றுவட்டத்திலும் விதிமீறிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். மறு பொங்கலுக்கு முன் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. இடையில் தவித்தவர்கள் யார்? அங்கே வேலை பார்க்கும் பெண்கள், பிள்ளைகள், அவர்கள் அனுப்பும் பணத்தை நம்பித் தென் மாவட்டங்களில் காத்திருக்கும் வீடுகள். விதியை மீறியது முதலாளி, தவித்தது தொழிலாளி.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலங்கள் கண்டபடி மனையாவதைத் தடுக்க வந்த நல்ல தீர்ப்புதான். ஆனால் தவித்தவர் யார்? மனைப்பிரிவு போட்டவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்ற ஒரு வார்த்தையை நம்பி, மகள் கல்யாணத்துக்கென்று அரை கிரவுண்டு வாங்கிப் போட்ட தந்தை தவித்தார். மறு ஆண்டு அவர்களுக்கும் ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானால் போதும் என்றது. அந்தத் தந்தைக்கு அந்தக் கருணை வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தந்தையின் கண்ணீரைக் காட்டித்தானே மனை விற்றவர் தப்பிக்கிறார்?

கட்டிய பிறகு எடுக்கும் எந்த முடிவும் கொடுமையாகத்தான் முடியும். இடித்தால் குடியிருப்பவருக்குக் கொடுமை. விட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுமை. அதனால்தான் முதல் கேள்வி "எப்போது?" என்பது. கட்டுவதற்கு முன்!

"அனுமதி வாங்கித்தானே கட்டினோம்" என்று சொல்பவர்களும் உண்டு. நொய்டா இரட்டைக் கோபுரங்களை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். அவற்றுக்கு அனுமதி இருந்தது! அதிகாரிகளே கையெழுத்துப் போட்ட அனுமதி. ஆனால் அந்த வளாகத்தில் ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தோட்டம் என்று காட்டிய இடத்தில் கோபுரம் எழுந்தது. இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. குடியிருப்போரே வழக்குத் தொடுத்தார்கள். கட்டியவரும் அதிகாரிகளும் கைகோத்துச் செய்த மீறல் என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று, சில விநாடிகளில் இரண்டும் தூளாயின. முத்திரை குத்திய காகிதம் இருந்தும் விழுந்தன. ஏன்? இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. யார் முன்னால் கொடுத்தீர்கள்?

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? குறை சொல்லிவிட்டு இறங்கிப் போக நான் வரவில்லை.

சிறு வீடுகளுக்கு வழி எளிதாகிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் இணையத்தில் உரிய விவரங்களைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தி உடனே அனுமதி பெறலாம். வரவேற்கிறேன். சாதாரண வீட்டுக்கு அலைச்சல் குறைந்தால், அதிகாரிகளின் நேரத்தைப் பெரிய கட்டடங்களுக்கும் உண்மையான விதிவிலக்குகளுக்கும் செலவிடலாமே.

அடுத்தது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே இட்ட கட்டளைகள். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரக் கூடாது. சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் அதன் பேரில் கடன் தர வேண்டும். இதை அரசு செய்யட்டும் என்று காத்திராதீர்கள். உங்கள் தெருவில் கட்டடம் எழும்புகிறதா? வரைபடம் எங்கே என்று கேளுங்கள். அது சண்டை அல்ல. உங்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கணக்குக் கேட்பது.

மூன்றாவது, நாம் இன்னும் செய்யாதது. விதிவிலக்கு கேட்கும் ஒவ்வொரு மனுவையும் அந்தத் தெருவுக்குத் தெரிவியுங்கள். அந்த வார்டிலேயே ஒரு கூட்டம் போடுங்கள். கேட்பவர் எழுந்து காரணம் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து பதில் சொல்லட்டும். முடிவையும் காரணத்தையும் எழுதி, யார் எப்படி வாக்களித்தார் என்பதோடு வெளியிடுங்கள். குடவோலையில் பெயர் எழுதிப் போட்டு ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறையை உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டி வைத்த மண் இது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் வைத்த ஊரார், இன்று தம் தெருவின் பக்க இடைவெளியைப் பற்றிப் பேச மாட்டார்களா?

"ஐயா, கூட்டம் போட்டால் தகராறு வரும்" என்பார்கள். வரட்டும்! கட்டுவதற்கு முன் வரும் தகராறில் குரல்தான் உயரும். கட்டிய பிறகு வரும் தகராறில் கட்டடம் இடியும், குடும்பம் இடியும், நீதிமன்றத்தில் இருபது ஆண்டு கழியும். எந்தத் தகராறு மலிவு?

நண்பர்களே, வரன்முறைக்கு இன்னொரு கெடு, இன்னொரு சலுகை என்று நாளை ஒரு அறிவிப்பு வரலாம். வந்தால் கைதட்டிவிடாதீர்கள். அந்த முக்கோண மனை முதியவருக்கு வேண்டியது அப்படிப்பட்ட சலுகை இல்லை. அவர் தம் காரணத்தை ஊரறியச் சொல்லத் தயாராக இருக்கிறார். சொல்வதற்கு ஒரு மன்றத்தைத்தான் நாம் இன்னும் கொடுக்கவில்லை. அதைக் கேளுங்கள். உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் கேளுங்கள். வார்டுக்கு ஒரு திறந்த கூட்டம், மனுவுக்கு ஒரு எழுதிய காரணம், இவை இரண்டும் இல்லாமல் ஒரு அடிகூட விலக்கு கிடையாது என்று சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.